அரைமணி நேரம் தெளிய விட்டால்

காலை ஆறு ஐம்பதுக்குப் படுக்கையறையில் சேறு கணுக்காலைத் தாண்டியிருந்தது. நைட்டியை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, மனைவி அதை வைப்பரால் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு தள்ளு தள்ளினால் அரைத் தள்ளு திரும்பி வந்தது. கருப்பாக, கொழகொழவென்று, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்க, கட்டில் காலைச் சுற்றி நுரை கட்டி நின்றது. ஏழு மணிக்கு டாக்ஸி. எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலியில் இருக்க வேண்டிய மனிதரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் வரல" என்றார். திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னார். அன்றைக்கு மதியம் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் போன் செய்து, "இன்னிக்கு விட்டுட்டீங்க, சரி. புதன்கிழமையும் விட்டா வெள்ளிக்கிழமை நீங்க வரமாட்டீங்க, உங்களைத் தூக்கிட்டுத்தான் வரணும். அதுவும் உயிரோட இருந்தா" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள். இன்று புதன்கிழமை.

அவரை எல்லோரும் மூக்கர் என்றே அழைத்தார்கள். மூக்கு பெரிதென்பதால் வந்த பெயரில்லை. நகரத்தின் கழிவுநீர் பம்ப் ஹவுஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஊர்ப்பட்ட சாக்கடையெல்லாம் வந்து விழுகிற கிணற்றின் விளிம்பில் நின்று ஒரு முறை மூச்சை இழுத்தால், எந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைந்திருக்கிறது, எந்த ஓட்டல் திருட்டுத்தனமாக எண்ணெயைக் கொட்டுகிறது, எந்தச் சாயப்பட்டறை விடியற்காலையில் மதகைத் திறந்துவிட்டது என்றெல்லாம் புட்டுப்புட்டு வைப்பார். பெரிய அதிகாரிகள் ஜீப் அனுப்பி அவர் மூக்கை வரவழைத்திருக்கிறார்கள். மூக்கு சொன்னதை ஜாடி நிரூபிக்கும். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் கசடை மொண்டு, அசையாத இடத்தில் வைத்து, அரைமணி நேரம் தெளிய விடுவார். பழைய கசடுக்குக் கனம் அதிகம், முதலில் அடியில் போய் உட்காரும். புதுக் கசடு ஆடி அசைந்து அதன்மேல் இறங்கும். நடுவில் கோடு போட்டாற்போல் நிற்கும். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவருக்குக் குமட்டியதில்லை. கிணற்று விளிம்பிலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரிப்பார். "மூக்கண்ணே, உங்களுக்குக் கூச்சமே இல்லையா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "எல்லாம் நம்ம ஊர்க்காரங்க சாப்பிட்டதுதானேடா" என்பார். அவர் தற்பெருமை பேசியது ஒரே ஒரு விஷயத்தில்தான். "நான் நாத்தத்துல வேலை பார்க்கிறேன், என் வீட்டைப் போய்ப் பாருங்க. நான் ஏழு மணிக்குக் கண்ணு முழிக்கிறப்ப வீடு முழுக்கக் கழுவி, தரை ஈரமா பளபளன்னு இருக்கும். என் பொண்டாட்டிக்கு அப்படி ஒரு சுத்தம்."

பதினாறு மாதத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பேசி வைத்துக்கொண்டது போல் ஒரே சமயத்தில் வேலையை நிறுத்தின. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கு இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். தோலுக்கடியில் ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு, தொட்டால் மாட்டிக்கொண்ட வண்டு போல ரீங்காரம் போட்டது. திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். தண்ணீர் இத்தனை டம்ளர்தான், பழம் தொடக்கூடாது, உப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. மூன்றாவது மாதம் பம்ப் ஹவுஸில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, கிணற்றின் மட்டத்தைச் சொல்ல ஒரு கருவியைப் பொருத்தி, அவரிடமிருந்த சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாங்கினவன் அவர் தொழில் சொல்லிக்கொடுத்த பையன்தான். சாவியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பையில் போட்டான். அந்தத் துடைப்பை அவரால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அதுவரை ஏழு மணிக்கு முன்னால் விழித்தறியாதவர், நாலரை மணிக்கே கண்ணைத் திறந்துகொண்டு கிடக்க ஆரம்பித்தார். அப்படி விழித்துக் கிடந்த முதல் விடியலில், மங்கலான வெளிச்சத்தில், தன் செருப்பு இரண்டும் தரையில் மிதந்து போவதைப் பார்த்தார்.

அவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தார். உடம்பு வெளியேற்ற வேண்டிய கழிவு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? மெஷின் எடுத்தது போக மிச்சம் இப்படித் தரையில் இறங்குகிறது, அவ்வளவுதான். மனைவி சத்தமில்லாமல் எழுந்து வாளியையும் வைப்பரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "நீங்க படுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. மூக்கர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். ஊர்க் கழிவையெல்லாம் முகர்ந்தவருக்குத் தன் கழிவின் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் குமட்டியது. அன்றிலிருந்து அந்த அறையில் அவர் வாயால்தான் மூச்சு விட்டார்.

ஊரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. சிறுநீரக டாக்டர் காலை அமுக்கி வீக்கம் பார்த்துவிட்டு, "சேறா? யூரியா கொஞ்சம் தூக்கலா இருக்கு, சாப்பாட்டுல கவனம்" என்று அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா படியில் நின்று, "ஏம்மா, கீழ பன்னி கின்னி வளர்க்கறீங்களா? குழாய் அடைச்சுக்கிட்டா யார் பார்க்கறது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள். வெளியூரில் படிக்கும் மகள் ஒரு சனிக்கிழமை வந்தாள், வாசலிலேயே வாந்தி எடுத்தாள், சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு போனில்தான் பாசம். மூக்கர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

நலம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது, ஆனால் சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை. வருவார்கள். சேற்றைப் பார்த்ததும் பேன்ட்டைச் சுருட்டிக்கொள்வார்கள், நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொள்வார்கள், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, அதன் வழியாகவே தைரியம் சொல்வார்கள். மனைவியின் அண்ணன் இந்த வித்தையில் மன்னன். "மாப்பிள்ளை, எல்லாம் மனசுதான். தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க. சிரிச்ச முகமா இருங்க. என்னைப் பாருங்க, எனக்கு இல்லாத கஷ்டமா?" என்று சொல்லி, காபியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, தங்கச்சியிடம் பழைய துணி கேட்டுத் தன் ஷூவைத் துடைத்துக்கொண்டு போனார். துடைத்த துணியைச் சேற்றிலேயே போட்டுவிட்டுப் போனார். அவள் குனிந்து அதை எடுத்தாள். அவள் கால் விரலிடுக்கு முழுவதும் சேற்றுப்புண். வெள்ளையாக ஊறி, பிளந்து, அதில் நீல மருந்து தடவியிருந்தது. அந்த நீல மருந்துக் குப்பி வெகு காலமாகக் குளியலறை அலமாரியில் இருப்பதுதான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கூடத்தில் அவளுக்குக் காலர் அடிக்கிற வேலை. அங்கே தரை ஈரம் போலிருக்கிறது என்று மூக்கர் என்றைக்கோ நினைத்து, என்றைக்கோ மறந்தும் போயிருந்தார்.

இப்போது அந்தப் புண்ணைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. குளிப்பதை விட்டார், சவரம் செய்வதை விட்டார். சோறு மண்ணாக இருந்தது, பேச்சு பாரமாக இருந்தது. நாள் முழுக்க மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். டயாலிசிஸ் வார்டில்கூட அவர் நாற்காலிக்கு அடியில் சேறு தேங்கியது. அதைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அந்த சிஸ்டர்தான். போன வெள்ளிக்கிழமை, ஊசியைக் குத்திக்கொண்டே, "ஐயா, இது எத்தனை மாசமா வருது?" என்று கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி. "கிட்னிக்காரங்களுக்கு மட்டும் இல்ல ஐயா. சுகர்காரங்க, இதயத்துக்குப் பார்க்கறவங்க, பாதிப் பேருக்கு வருது. உடம்புக்கு ஒண்ணுன்னா மனசும் கூடவே படுத்துக்குது. மருந்து இருக்கு. இருபத்தி நாலாம் நம்பர் ரூம்ல ஒரு மனநல டாக்டர் இருக்காங்க, போய்ப் பாருங்களேன்." மூக்கருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என் கிட்னிதாம்மா போச்சு. புத்தி போகல" என்றார். அன்று நாற்காலிக்கு அடியில் சேறு சக்கரம் முழுகும் அளவு வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஊற்று யார் என்று தெரிந்த பிறகு அதை அடைப்பதுதானே பம்ப் ஹவுஸ்காரனின் வேலை? மெஷினில் போய் உட்காருவதை நிறுத்தினால் தானும் நின்றுவிடுவோம், சேறும் நின்றுவிடும், இவள் காலும் காயும்.

இப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு கணக்கு இடித்தது. பழக்க தோஷத்தில் கட்டில் காலில் சாக்பீஸால் கோடு கிழித்து மட்டம் பார்த்து வைத்திருந்தார். எட்டரைக்கு மனைவி வேலைக்குக் கிளம்பினாள். அவர் தனியாக, பிறந்ததிலிருந்து அனுபவித்திராத அளவு கேடுகெட்ட மனநிலையில், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். நியாயமாக அன்றைக்குக் கட்டிலே மிதந்திருக்க வேண்டும். பதினோரு மணிக்குப் பார்த்தால் மட்டம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கட்டிலைச் சுற்றி மட்டும் ஒரு குட்டை. ஆறு மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றினாள். ஏழு மணிக்குச் சேறு பழைய கோட்டைத் தொட்டது. ஊற்று கட்டிலில் இருந்தால் கட்டில்காரன் இருக்கும்போது மட்டம் எப்படி இறங்கும்? இரண்டு நாளாக இந்தக் கேள்வி பல்லில் சிக்கிய நார் போல உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. ஏழு மணி. "ஏங்க, எழுந்திரிங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்" என்றாள் மனைவி. அவருக்கு மூச்சு இரைத்தது. ஐந்து நாள் தண்ணீர் நெஞ்சில் ஏறி நின்றது. அவளுக்குப் பதில் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தவர், அவள் தள்ளிச் சுத்தம் செய்த பிறகே தரையில் வைத்துப் பழகிய இரண்டு காலையும் முதல்முறையாகச் சேற்றுக்குள் இறக்கினார். சில்லென்று, வழுவழுவென்று, செத்த மீனைத் தொட்டது போல் இருந்தது. காலை வெளியே எடுத்தபோது பெருவிரலில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நீல நூல். சீருடைக் காலர் அடிக்கிற நீலம். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பதினாலு மாதமாக வாயாலேயே மூச்சு விட்ட அறையில் அவர் மூக்கால் மூச்சை இழுத்தார்.

தன் ரத்தத்தின் துருவாடையை, கெட்டுப்போன உப்பு வாடையை எதிர்பார்த்த மூக்கில் தையல் மெஷின் எண்ணெய் வந்து மோதியது. கூடவே ஊறின பருத்தி. கூடவே, ரொம்ப ஆழத்தில், மூடியே வைத்திருந்த அறையைத் திறந்தால் வருகிற பழைய புழுக்கம்.

"ஒரு கண்ணாடி ஜாடி கொண்டா" என்றார்.

"இப்ப எதுக்குங்க அது? சீ, நூலைக் கீழ போடுங்க. டாக்ஸி நிக்குது."

"கொண்டா."

அவள் அசையவில்லை. மூக்கரே சுவரைப் பிடித்துக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கி, சமையலறைக்குப் போய்க் காலி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அறை நடுவில், எங்கேயிருந்து எடுத்தாலும் ஒன்றுதான் என்கிற இடத்தில், குனிந்து ஒரு ஜாடி மொண்டு ஜன்னல் விளிம்பில் வைத்தார். மணி ஏழு ஐந்து.

"எட்டு மணிக்கு மேல மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றாள் அவள்.

"தெளியட்டும்."

டாக்ஸிக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "அக்கா, வராங்களா இல்லையா? இல்லைன்னா நான் வேற சவாரி பார்த்துக்கறேன்."

"இருங்கண்ணா, இதோ வந்துட்டோம்" என்றவள், குரலை இறக்கி, "அதைக் கொட்டிடுங்க. நல்லாயிருப்பீங்க, கொட்டிடுங்க" என்றாள். கணவன் சாகக்கிடக்கிறாரே என்கிற பயம் மட்டும் அந்தக் குரலில் இல்லை, பிடிபடப் போகிறவளின் பயமும் இருந்தது. மூக்கர் ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு ஜாடியையும் பாதியில் கொட்டியதில்லை. ஏழே கால். கலங்கல் மேலிருந்து கண்ணாடியாக ஆரம்பித்தது. ஏழரை. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்ஸிக்காரர் வாசலில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு முப்பத்தைந்து.

ஜாடியில் கோடு விழுந்திருந்தது. மேலே இரண்டு விரல் அளவு கருப்பு, துரு நிறத்தில் நுரை. அது அவருடையது, அதில் சந்தேகமே இல்லை. அதற்குக் கீழே, சிமெண்ட் மாதிரி இறுகி, சாம்பல் நிறத்தில், நீல நூல் நூலாக ஐந்து விரல் அளவு உட்கார்ந்திருந்தது. பழசு அடியில், புதுசு மேலே.

மூக்கர் மனைவியின் காலைப் பார்த்தார். அவள் நின்ற இடத்தில், பாதத்தைச் சுற்றி, சேறு மெல்லக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை வைப்பரால் மறைக்கப் பார்த்தாள். பதினாலு மாதமாகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டு கிடந்த மனிதருக்கு அந்த நிமிஷம் இன்னும் பெரிய அருவருப்பு ஒன்று வந்தது. நகரத்துக் குழாய் அத்தனையும் முகர்ந்த மூக்கு, பக்கத்துத் தலையணையை முகரவில்லை. ஜாடி எது முந்தி என்று சொல்லும். எத்தனை காலம் என்று சொல்லாது. அவர் கேட்க வாயெடுத்தார், மூச்சு வரவில்லை.

"கிளம்பு" என்றார். "ஜாடியையும் எடுத்துக்கோ."

ஏழு ஐம்பத்தேழுக்கு அவர் எடை மெஷினில் ஏறினார். ஐந்தரைக் கிலோ கூடுதல். "நல்ல வேளை வந்தீங்க" என்று சொன்ன சிஸ்டர், ஜாடியைப் பார்த்தாள், அதை மடியில் வைத்திருந்தவளின் காலைப் பார்த்தாள், ஊசியை எடுத்தாள். அன்று மெஷினை ஐந்து மணி நேரம் ஓட்டினார்கள். பக்கத்து ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஃபிஸ்டுலா இல்லாத வலது கையை அவர் நீட்டியபோது, ஏதோ வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு சிஸ்டரே அவர்களை இருபத்தி நாலாம் நம்பர் அறைக்குக் கூட்டிப்போனாள். சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. தரையில் மற்ற அறைகளைப் போல வழுக்கும் கல் போடாமல், மூலையில் வடிகால் வைத்துச் சாய்வாகப் பூசியிருந்தார்கள். மூக்கருக்கு அந்த வேலைப்பாடு பிடித்தது. டாக்டரம்மா ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்கிற தோரணையில், "உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?" என்றாள்.

"பதினாலு மாசம்" என்றார் மூக்கர். டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை அவர் மனைவி பக்கம் திருப்பினாள்.

மேஜைக்கு அடியில் மூவர் காலையும் சேறு நனைத்தது. வேலைக்காரப் பெண் ஒருத்தி வைப்பரோடு உள்ளே வந்து, "காலைத் தூக்குங்க" என்றாள். மூவரும் தூக்கினார்கள். தள்ளிவிட்டுப் போனாள்.

"பதினோரு வருஷம்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா அதையும் தலை நிமிராமல் எழுதினாள். "ஏதாவது காரணம்?"

"காரணம் ஒண்ணும் இல்லைங்க. யாரும் சாகல, யாரும் அடிக்கல. ஒரு நாள் காலைல எழுந்தேன், தரையெல்லாம் இருந்துச்சு. காரணம் இல்லாததை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மூக்கர் தன் மூக்கைக் கையால் மூடிக்கொண்டார். பளபளவென்று ஈரமாக இருந்த தரையெல்லாம், பதினோரு வருஷத் தரை, வரிசையாக அவர் முன்னால் வந்து நின்றது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்னபோதே அந்தக் கேள்வியின் அசிங்கம் அவருக்கே உறைத்தது.

அவள் அவரைப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போயிற்று.

"நீங்க ஏழு மணிக்கு முன்னாடி ஒரு நாளாவது எழுந்திருந்தா, நான் சொல்லியே இருக்க வேண்டாம்."